'சரி, இந்த வண்டியை எத்தனை நாளா ஓட்டுறீங்க?'

விபத்தில் சிக்கிய பைக்கைப் பார்க்கப் போகும்போது, ஓட்டியவரிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். முதலாவது, எத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறீர்கள்? பதில் பட்டென்று வரும். "இருபது வருஷம் சார்." "காலேஜ் சேர்ந்ததிலிருந்து சார்." ஒருவர் "எட்டாவது படிக்கும்போதே" என்று பெருமையாக ஆரம்பித்துவிட்டு, லைசென்ஸ் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது கேள்வி, சரி, இந்த வண்டியை? இதற்குத்தான் கொஞ்சம் தயக்கம். "இது வாங்கி ரெண்டு மாசம் ஆகுது." "மச்சானோட வண்டி சார்." "பையனோடது, அன்னைக்கு ஒருநாள்தான் எடுத்தேன்."

இன்சூரன்ஸ் சர்வேயராக சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷம் சுற்றியிருக்கிறேன். நொறுங்கிய வண்டியும் பார்த்திருக்கிறேன், எலும்புக்கூடாக எரிந்து நின்ற வண்டியும் பார்த்திருக்கிறேன். கிளெய்ம் பாரத்தில் இடமில்லாத அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இருக்க இப்போது என்னால் முடிவதில்லை.

போன வருஷம் ஒரு பள்ளி ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியவர். பதினெட்டு வருஷமாக ஒரே 100 சிசி வண்டி, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன் பிரேக்கைத் தொடவே மாட்டார். "முன்னாடி பிடிச்சா ஆளைத் தூக்கி அடிச்சிரும்டா" என்று வண்டி பழக்கிய சித்தப்பா சொன்னது மனதில் பதிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுடைய 200 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனார். பக்கத்துத் தெரு என்பதால் ஹெல்மெட் இல்லை. நாய் ஒன்று குறுக்கே ஓடியது. வழக்கம்போலக் காலால் மிதித்தார். அந்த வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உண்டு. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலை ஆட்டியது. பயத்தில் கை முன் பிரேக்கையும் இறுக்கியது. ஏ.பி.எஸ். வேலை செய்தால் லீவர் கையில் படபடவென்று துடிக்கும். அவர் அதற்கு முன் அதை உணர்ந்ததே இல்லை. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டார். காம்பவுண்டு சுவர், காறை எலும்பு முறிவு. தலை தப்பியது அதிர்ஷ்டம்.

அவர் சொல்வதற்கு முன்பே வண்டி இதைச் சொல்லிவிட்டது. தார் ரோட்டில் நீளமாக ஒற்றைக் கறுப்புக் கோடு, பின் டயரில் ஒரே இடத்தில் சப்பையாகத் தேய்ந்த தடம். இந்த ஜோடியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் 'அனுபவசாலிகள்' ஓட்டிய வண்டிகளில். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது சறுக்குமே தவிர நிற்காது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் காலை ஊன்றாமல் '8' போட்டு நாம் வாங்கிய லைசென்ஸ் இதைச் சோதிக்கவே இல்லை. மெதுவாகப் போகும்போது வண்டி சாயாமல் ஓட்டத் தெரியும் என்பதற்குத்தான் அது சான்று.

இது நம்மூர்க் கதை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஹாரி ஹர்ட் என்பவரின் ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த அவரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல், அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அவர்களின் மொத்தச் சாலை அனுபவம் ஏறக்குறைய மூன்று வருஷம். 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். அங்கேயும் ஒரு சித்தப்பா இருந்திருக்கிறார்! அவசரத்தில் பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவதும் முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விடுவதும் அங்கேயும் அப்படியே. ஆபத்து தெரிந்து தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரம், பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். அந்த இரண்டு நொடிக்குள் யோசிக்க எல்லாம் நேரமில்லை. கையும் காலும் பழகியதைத்தான் செய்யும். பழகியது பழைய வண்டியாக இருந்தால் பழைய வண்டிக்கானதைச் செய்யும்.

அந்த அறிக்கையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு எண். விபத்துக்குப் பிறகு 62 சதவீத வண்டிகளில் பெட்ரோல் சிந்தியோ கசிந்தோ இருந்தது. அத்தனையும் எரியவில்லை. ஆனால் எரிவதற்கு அடுத்து ஒரு பொறிதான் தேவைப்பட்டது. நம்மூரில் விழுந்த வண்டியைச் சுற்றி முதல் ஐந்து நிமிடம் நடப்பதைப் பார்த்தால், அந்தப் பொறியை நாமே கொண்டு வந்து கொடுக்கிறோம் என்றுதான் தோன்றும்.

பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். மூக்குக்கு வாசனை எட்டும்போது கணுக்காலில் அதைவிட அடர்த்தியாக இருக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றும். சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விழுந்தால் குப்பென்று எரியும் எனப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது புஸ்ஸென்று ஆவியாகிப் போய்விடும். அதை நம்பிச் சும்மா இருக்கலாம் என்று சொல்லவில்லை. நான் பார்த்த எரிந்த வண்டிகளில் அதிகம் குற்றவாளியாக நின்றது மின்பொறிதான். நசுங்கிய ஹெட்லைட்டுக்குப் பின்னால் உரிந்து கிடக்கும் வயர், பேட்டரி முனையில் உரசும் இரும்பு, ஸ்டார்ட்டர் ரிலே. அப்புறம், வேடிக்கை பார்க்க வந்தவர் விரலிடுக்கில் இருக்கும் பீடி.

வாழப்பாடி பக்கம் ஒரு வளைவில் சறுக்கி விழுந்த வண்டி. ஓட்டிய பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூடியவர்களில் ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடு வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சாவியை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று செல்ஃபை அமுக்கினார். டேங்குக்கு அடியிலிருந்து தீ எழும்பியது. அவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. நான் பேசியபோது, "நாற்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், எத்தனையோ வண்டியைத் தூக்கி விட்டிருக்கேன்" என்றார். உண்மைதான். அவர் தூக்கியதெல்லாம் கார்புரேட்டர் வண்டி.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கும். டியூப் கழன்றால் சொட்டும். டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடினால் நின்றுவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் அந்த டேப்பே கிடையாது. டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கிறது, சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. குழாய் விரிசல் விட்டிருந்தால் சொட்டாது, பீய்ச்சும். வண்டி கவிழ்ந்ததும் எஞ்சினை நிறுத்துகிற சென்சார் பல மாடல்களில் உண்டு. அந்தப் பாதுகாப்பை நீக்கி வண்டியைத் திரும்பக் கிளப்பும் வழியே சாவியை ஆஃப் செய்து ஆன் செய்வதுதான். ஆன் செய்தவுடன் பம்ப் சில நொடி தானாக ஓடும். பெரியவர் செய்தது அதைத்தான். பழைய வண்டியில் ஆபத்தில்லாமல் முடிந்துவிடும் ஒரு பழக்கம்.

அனுபவம் மூக்கையும் மழுங்கடித்துவிடுகிறது. "பெட்ரோல் வாசனை பைக்கில் வராமலா இருக்கும்?" என்று ஆறு மாதமாகக் கசிந்த டியூபோடு ஓடிய வண்டிகளை எண்ணிச் சொல்ல முடியாது. முப்பது வருஷ மெக்கானிக் ஒருவர் பாதியாக வெட்டிய ஆயில் கேனில் பெட்ரோல் ஊற்றிப் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு முழம் தள்ளி அவருடைய பையன் பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் வைத்து, கிக்கரை உதைத்து, கரண்ட் வருகிறதா என்று பார்த்தான். வந்தது. பட்டறையும் வரிசையாக நின்ற மூன்று வண்டிகளும் போயின. "தினமும் செய்யறதுதான் சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே நடந்ததைப் படித்திருப்பீர்கள். நான் தினம் போய்வரும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான், வடக்கே. ஒரு பைக் முதலில் தனியாக விழுந்து, ஓட்டியவர் இறந்துபோனார். வண்டி சாலையிலேயே கிடந்தது. ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு நோக்கி வந்த சொகுசுப் பேருந்து அதன் மேல் ஏறி, அடியில் சிக்கிய வண்டியை இழுத்துக்கொண்டே போக, தீப்பிடித்தது. பேருந்துக்குள் 19 பேர் இறந்தார்கள். விழுந்த பைக்கைச் சாலையில் விட்டுவைப்பது என்னவாக முடியலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, விழுந்த வண்டிப் பக்கம் நீங்கள் முதலில் போய்ச் சேர்ந்தால், ஒருவரைக் கொஞ்சம் முன்னே அனுப்பி, வருகிற வண்டிகளுக்கு லைட்டோ துணியோ காட்டச் சொல்லுங்கள். சாவியை ஆஃப் செய்து கையில் எடுத்துவிடுங்கள், யாரும் திரும்பப் போட முடியாதபடி. பெட்ரோல் வாசனை அடித்தால் அடிபட்டவரை முதலில் நகர்த்த வேண்டியிருக்கும். கழுத்தும் தலையும் திருகாமல், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து. வாசனை இல்லாவிட்டால் 108 வரும்வரை அவரை அசைக்க வேண்டாம். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். சிந்திய இடத்தில் மண்ணைப் போடுங்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். சின்னத் தீ என்றால் மண், பக்கத்தில் பங்க் இருந்தால் பவுடர் சிலிண்டர். டேங்க் வரை தீ ஏறிவிட்டால் வண்டியை மறந்துவிட்டு, ஆட்களை விலக்கி 101-ஐக் கூப்பிடுங்கள். உதவப் போனால் கேஸ் வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று. கீழே விழுந்து பேட்டரிப் பெட்டி அடிவாங்கியிருந்தால், அது உடனே எரியாமல் பல மணி நேரம் கழித்தும் எரியலாம். அதைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள்.

என் தொழில் சம்பந்தமாகவும் கொஞ்சம். ஷோரூமில் 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்' என்று சொல்லித் தருவார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷம் கட்டாயம் என்பது தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது மட்டும்தான். உங்கள் வண்டி எரிந்தால் பணம் தருவது ஓன் டேமேஜ் பகுதி. அது பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். எரிந்த வண்டியின் முன்னால் நின்று இதை விளக்குவதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி. ரோட்டோரக் கடையில் ரிலே இல்லாமல் நாலு எல்.இ.டி. லைட்டை மாட்டி, போகிற ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தால் ஓன் டேமேஜ் இருந்தும் இழுபறிதான். தீ எங்கே தொடங்கியது என்று பார்க்கப் போகும் என் கண்ணில் முதலில் படுவதே அந்தக் கம்பிதான்.

நானும் ஆறு மாதத்துக்கு முன் வண்டி மாற்றினேன். அதற்குமுன் பன்னிரண்டு வருஷம் ஒரே ஸ்கூட்டர். புது வண்டி வந்த முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். ஒரு செங்கல்லை வைத்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, செங்கல்லைத் தொடும் இடத்தில் பிரேக் பிடித்தேன், இரண்டையும் சேர்த்து, முன்னதை முதலில் மெதுவாக அமுக்கிப் பிறகு இறுக்கி. வண்டி நின்ற இடம் செங்கல்லிலிருந்து பத்தொன்பது தப்படி. லீவர் துடித்தபோது எனக்கும் கை தளர்ந்தது, இத்தனைக்கும் அது துடிக்கும் என்று தெரியும். நாலாவது ஞாயிறு பதின்மூன்று தப்படியில் நின்றது.

அன்றைக்கு வாட்ச்மேன் டீ டம்ளரோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் வண்டி பழகுறீங்களா சார்?" என்றார். ஆமாண்ணே என்றேன். "அப்ப அந்த ஓரமா ஓட்டுங்க, இங்க பசங்க கிரிக்கெட் ஆட வருவாங்க."