பதினோரு மணிக் கோபமும் சர்க்கரை அளவும்

"காலையில நல்லாத்தான் இருந்தாரு, பதினோரு மணிக்கு மேல கிட்டயே போக முடியல." சுகர் மாத்திரை சாப்பிடுபவரின் வீட்டில் இப்படிச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார் என்பதைத்தான்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் நிற்கும் ஒருவர் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு டீ, இரண்டு பிஸ்கட்டோடு கடைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காது. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனதும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், கூடவே எரிச்சல் வரும். வாடிக்கையாளர் இன்னொரு சேலையைப் பிரிக்கச் சொன்னால் வள்ளென்று விழுவார். 54-க்குக் கீழே இறங்கினால் மூளைக்கே சர்க்கரை பற்றாது. பேச்சு குழறும், சில்லறை எண்ண வராது. குடித்திருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரரே நினைத்துவிடுவார். ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவோருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

குளுக்கோமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள், இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். இந்த நேரத்தில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்காதீர்கள். பாலிலும் ஐஸ்கிரீமிலும் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் என்ற மருந்து கலந்த சுகர் மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரையும் உடனே கைகொடுக்காது, அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர் பையில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை ஏறினாலும் மனசு கெடும், ஆனால் மெதுவாக. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால், மைதாவோடு எண்ணெயும் சேர்ந்து, படுத்த பிறகும் அளவு உயர்ந்தே நிற்கும். சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். நாக்கு வறளும், இரவில் பலமுறை எழ வேண்டிவரும். மறுநாள் காலையின் சிடுசிடுப்பில் பாதி அந்தக் கெட்ட தூக்கத்தால் வருவது. பரோட்டாவே கூடாது என்றால் மதுரையில் யார் கேட்கப் போகிறார்கள்? எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் வெங்காயம், வெள்ளரி, முட்டை, அப்புறம் பரோட்டா, அதுவும் ஒன்றோடு சரி.

ஒரு வாரம் சின்ன நோட்டில் நேரம், சாப்பிட்டது, சர்க்கரை அளவு, மனநிலை நான்கையும் எழுதுங்கள். எரிச்சல் வரும் அந்த நிமிடத்திலும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்; மாத்திரையைக் குறைப்பதும் நேரம் மாற்றுவதும் அவர் வேலை. வெள்ளிக்கிழமை, அமாவாசை விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அளவெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வும் பிடிப்பின்மையும் நீடித்தால் சர்க்கரையையே பழிக்க வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வு நோயும் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம்; அதற்கு மருந்தும் ஆலோசனையும் தனியாகவே உண்டு.