மார்கழியிலும் வேர்த்துக் கொட்டுவது ஏன்? மாதவிடாய் நிற்கும் காலமும் அக்குபங்சர் ஊசியும்

மார்கழி விடியற்காலை. பொள்ளாச்சிப் பக்கம் போர்வை இல்லாமல் படுக்க முடியாத குளிர். அந்த நேரத்தில் 47 வயதுப் பெண் ஒருவர் எழுந்து உட்கார்ந்து மின்விசிறியைப் போடச் சொல்கிறார். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெக்கை குப்பென்று ஏறுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடுகிறது. அது அடங்கியதும் உடம்பு வெடவெடக்கிறது. "சூடு புடிச்சிருக்குதுங்க, எண்ணெய் வெச்சுத் தண்ணி வாத்துக்கிட்டாச் சரியாப் போயிரும்" என்பார்கள் வீட்டில்.

உடம்பில் அப்போது பெரிதாகச் சூடு எதுவும் ஏறியிருக்காது. கோளாறு, சூட்டை அளக்கும் இடத்தில் இருக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஹைபோதாலமஸ்தான் உடம்பின் உள்வெப்பத்தைக் கவனிக்கிறது; கூடினால் வேர்க்க வைக்கிறது, குறைந்தால் நடுங்க வைக்கிறது. வேர்வையும் நடுக்கமும் இல்லாத நடு இடைவெளி பொதுவாக 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். வெக்கை வரும் பெண்களுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ சுழியமாகச் சுருங்கிவிடுவதை 1990களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மன் அளந்து காட்டினார்.

சுருங்கக் காரணம், கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று வேதிப்பொருள்களையும் சுரக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம். முட்டைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அந்த அணுக்களுக்கு மூக்கணாங்கயிறு. முட்டைப்பை ஓயும்போது கயிறு அவிழ்ந்துவிடுகிறது. அணுக்கள் பெருத்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஓயாமல் சீண்டுகின்றன. ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைக்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லாமலே வெக்கை குறைகிறது. 2023 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இடைவெளி இல்லாமல் போனவருக்கு ஒரு டம்ளர் சூடான டீ போதும், வெக்கை கிளம்பிவிடும். நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருக்கும் நூற்பாலையில் வேர்வை எளிதில் காயாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் ஓரம் நிற்பவருக்கும், சோமனூரில் தகரக் கூரைக்கடியில் தறி ஓட்டுபவருக்கும் சித்திரை மாதம் இன்னும் கடினம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. வெக்கையோ அதற்கு முன்பே தொடங்கி, பலருக்கு ஏழு வருடம் வரை நீள்கிறது. ஏழு வருடத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டச் சொல்வது நியாயமில்லை.

அக்குபங்சருக்கு வருவோம். ஊசி 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் தடிமன். மருந்து ஏற்றும் ஊசிபோல் உள்ளே துளை கிடையாது. இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகக் குத்தும் இடங்களில் ஒன்று, உள் கணுக்கால் மொட்டுக்கு நான்கு விரற்கடை மேலே எலும்பின் பின்விளிம்பை ஒட்டியது. இன்னொன்று, அதே மொட்டுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவில் உள்ள பள்ளம். தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழேயும், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமும் குத்துவதுண்டு. சரியாக இறங்கினால் சுருக்கென்ற வலி இருக்காது. மந்தமாக ஒரு கனம், லேசான மதமதப்பு தெரியும். 20 முதல் 30 நிமிடம் ஊசி உள்ளே இருக்கும். வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றி மயக்கம் வரலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போய், படுத்துக்கொண்டே குத்திக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் குத்துமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும்.

பலன் உண்டா? 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால்தான் பதில் தெளிவாகும். அமெரிக்காவில் 209 பெண்களிடம் நடந்ததில், ஆறு மாதத்தில் 20 முறை வரை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வெக்கை 36.7 விழுக்காடு குறைந்தது. போடாமல் காத்திருந்தவர்களுக்குக் குறையவே இல்லை. ஆஸ்திரேலியாவில் 327 பெண்களிடம் நடந்ததில், ஒரு பாதிக்கு உண்மை ஊசி, மறு பாதிக்குத் தோலுக்குள் இறங்காத மொண்ணை ஊசி. இரு தரப்புக்கும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது, வித்தியாசமே இல்லை. ஆக, நிம்மதி நிஜம்; அதைக் கொடுத்தது இன்ன புள்ளிதான் என்பதற்குச் சான்று இல்லை. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாக விசாரிப்பது, நம்பிக்கை, இவற்றுக்கும் அதில் பெரும் பங்கு இருக்கிறது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையில் வெக்கைக்கு அக்குபங்சரைச் சேர்க்கவில்லை. எண்ணப்போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் மனநலச் சிகிச்சைக்கு (CBT) அதில் இடமுண்டு.

அப்படியும் போட்டுப் பார்க்க விரும்புகிறவர் கணக்கு வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் இரண்டு வாரம், ஒரு நாளைக்கு எத்தனை முறை வெக்கை வந்தது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள். அப்புறம் எட்டு முறை குத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வில் பெரும்பாலும் எட்டாவது முறைக்குள் கிடைக்கவேண்டிய பலன் கிடைத்துவிட்டது. எண்ணிக்கை இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம். இன்னும் இருபது முறை என்று காசைக் கரைக்க வேண்டியதில்லை.

பிசகு எங்கே வருகிறது? ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும், ஒரு தரத்தோடு குப்பைக்குப் போக வேண்டும். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, "விரலால் தொட்டே சரிசெய்கிறோம், பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளை இன்றோடு விட்டுவிடுங்கள்" என்கிறவர்களிடம் இருக்கிறது. யார் அப்படிச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தியதால் வரும் பக்கவாதத்தை எந்தப் புள்ளியாலும் திருப்ப முடியாது.

ஊசி எட்டாத இடம் எலும்பு. ஈஸ்ட்ரோஜன் போனதும் எலும்பை அரிக்கும் செல்கள் கட்டும் செல்களை முந்திவிடுகின்றன. முதல் ஐந்தாறு வருடத்தில்தான் இழப்பு அதிகம். நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் கிண்டிய களியில் ஏறத்தாழ 350 இருக்கிறது. இரண்டு டம்ளர் மோர் குடித்தால், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து, 200, 300 சேரும். முருங்கைக் கீரையும் எள்ளும் கைகொடுக்கும். எள்ளின் தோலில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தசைக்குப் புரதம் தேவை. அரிசியும் பருப்புஞ்சாதம் போதாது. அதில் பருப்பு கொஞ்சம்தான். ஒரு வேளையாவது கொள்ளுப் பருப்போ பச்சைப்பயறு கடைசலோ சாதத்துக்குச் சமமாகத் தட்டில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஏறாது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வருகிறவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

நாள் முழுக்க மெஷினருகே நிற்பது எலும்புக்குப் பயிற்சி ஆகாது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக் குதிகாலைப் பதினைந்து முறை உயர்த்துங்கள். சுவரில் கைவைத்துப் பத்து முறை தள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று சுற்று. இதனால் வெக்கை குறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது; இடுப்பெலும்பு முறியாமல் காக்கும் பயிற்சி இது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, தலைமாட்டில் பருத்தித் துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு படுத்தால் நடுராத்திரி எழுந்தாலும் மறுபடி தூங்குவது எளிது.

வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வெக்கை இருந்தால் ஹார்மோன் சிகிச்சைதான் எல்லாவற்றையும் விட வலுவானது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவது நல்லது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆகாது. 45 வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டவர்கள் இதைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்கு எலும்புத் தேய்மானம் பல வருடம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பிறப்புறுப்பு வறட்சிக்கும் எரிச்சலுக்கும் ஊசியால் பலனில்லை. அங்கேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. கூச்சத்தால் சொல்லாமல் விட்டு, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு என்று மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கடைசியாக ஒன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சூட்டுல பட்டிருக்கும்" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு இருக்காதீர்கள். அந்த வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பப்பை உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். மெல்லியதாக இருந்தும் ரத்தம் மறுபடி பட்டால் மறுபடியும் போய்க் காட்டுங்கள்.