செருப்பு கடித்தால் காலில் குறை தேடாதீர்கள்

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் சென்ற வாரம் எங்கள் பட்டறைக்கு வந்தார். சர்க்கரை நோய்க்கு எட்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். “என் கால்தான் சரியில்லை தம்பி. எந்தச் செருப்பும் சேரமாட்டேன் என்கிறது” என்றார்.

வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் அவரை நிற்கச் சொன்னேன். பென்சிலைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். பிறகு அவர் போட்டு வந்த செருப்பை அந்தப் படத்தின்மேல் வைத்தேன். சுண்டுவிரல் பக்கம் அரை விரல் அகலத்துக்குக் கோடு வெளியே தெரிந்தது. அவர் காலில் ஆணி விழுந்திருந்ததும் அதே இடத்தில்தான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் தப்பு என் கால்மேல் இல்லையா?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாகக் காலணி வடிவமைக்கிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. “முதலில் கடிக்கும், போகப் போகப் பழகிவிடும்” என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். பழகுவது பெரும்பாலும் செருப்பு அல்ல, கால். விரல்கள் ஒடுங்குகின்றன, தோல் தடித்துக் காய்த்துப்போகிறது.

ஷூவும் பல வகைச் செருப்புகளும் ஒரு கட்டையை வைத்துத்தான் உருவாகின்றன. கால் வடிவில் முன்பு மரத்தில் செதுக்கினார்கள், இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. கட்டை எப்படியோ காலணியும் அப்படி. நம் ஊரில் நெடுங்காலமாகப் புழங்குவது ஆங்கிலேய, ஐரோப்பிய அளவு முறைகள். ஆங்கிலேய முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் 6.7 மில்லிமீட்டர். இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலம் என்ன என்று நம் கடைகளில் யாரும் கேட்பதில்லை. அதனால் அகலக் கால்காரர் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார். அகலம் சேர்ந்துவிடும், நீளம் மிஞ்சிவிடும். நடக்கும்போது பாதம் மடியும் இடமும் காலணி மடியும் இடமும் ஒன்றாக இருக்காது. குதிகால் வழுக்கும், விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டே நடக்கும்.

சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. நம்மவர்களின் பாதம் பொதுவாக மேலைநாட்டவர் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரியவந்தது. இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற புதிய அளவு முறையும் அதிலிருந்து உருவாகியிருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் பாலக்கோடு பக்கம் சந்தைகளில் செருப்புத் தைத்தவர். வந்தவரைத் தோலின்மேலேயே நிற்கவைத்துக் கரியால் கோடு போடுவார். இடக்காலுக்குத் தனி, வலக்காலுக்குத் தனி. இரண்டு காலும் ஒரே அளவாகப் பெரும்பாலோருக்கு இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கை நிறைய ஷூ படங்களோடு வருகிறார்கள். படத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, முதல் வாரம் இருபது பேரின் கால்களை அளந்து வரச் சொல்வேன். பர்கூர்ப் பெண் ஒருத்தி பூந்தோட்டங்களுக்குப் போய்வந்தாள். விடியற்காலை ஈர மண்ணில் பூப்பறிக்கும் பெண்களுக்குக் கட்டைவிரல் வாரில் சேறு சேர்ந்து விரலிடுக்கு புண்ணாகிறது என்று பார்த்து வந்தாள். அவள் செய்த மாதிரியில் விரலிடை வாரே இல்லை. பாதத்தின்மேல் அகலப் பட்டை, குதிகாலுக்குப் பின்வார், மாலையில் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோ. புதுமை என்று நான் சொல்வது இதைத்தான். நல்ல படம் வரையத் தெரிந்தவர் நிறையப் பேர் உண்டு, இப்படிப் பார்க்கத் தெரிந்தவர் குறைவு.

வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த டாக்டர் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த கால்களுக்கு நுண்துளை ரப்பர் செருப்பைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் அணியும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். மேலே மெத்தென்று, அடியில் கெட்டியான சோல், எங்கும் இரும்பு ஆணி அடித்திருக்கக் கூடாது. வெறும் பஞ்சுபோன்ற ரப்பரை ஒட்டிச் ‘சர்க்கரைச் செருப்பு’ என்று விற்கிறார்கள். அப்படி ஒன்றைப் போட்டிருந்த பெரியவரின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். கருவேல முள் ஒன்று அடியிலிருந்து மேல்வரை ஏறியிருந்தது. அவருக்கு உணர்ச்சியே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் பாதத்தைப் பாருங்கள்.

“செருப்புத் தைக்கிற படிப்பா?” என்று கேட்கும் பெற்றோர் நம் மாவட்டத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கும் சாதி இளக்காரத்தை என் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கேட்டுவருகிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் வளாகம் உள்ள காலணி வடிவமைப்பு நிறுவனத்தை 2017இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அறிவித்தது. பட்டப்படிப்பே இருக்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள் பக்கம்தான். கைவேலையும் கணக்கும் உடற்கூறும் சேர்ந்த படிப்பு இது. ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது உள்ளே பாதம் படும் தளத்தை (இன்சோல்) வெளியே எடுத்து அதன்மேல் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். பக்கவாட்டில் பாதம் வழியக் கூடாது. பிள்ளைகளின் கால் வளர்ந்துகொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கொரு முறை இதைச் செய்து பாருங்கள்.

மாந்தோப்பு அம்மாவின் செருப்பு நேற்று முடிந்தது. சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே வரச் சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குத்தான் அது சேர வேண்டும்.