56 இடங்கள் பெற்றும் எதிர்க்கட்சி: நியூசிலாந்தின் கூட்டணிக் கணக்கு

2017 செப்டம்பர் 23 அன்று நடந்த நியூசிலாந்துப் பொதுத் தேர்தலில் முதலிடம் பிடித்தது நேஷனல் கட்சி. 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அதற்கு 56 இடங்கள். ஆனால் அக்டோபர் 26 அன்று பிரதமராகப் பதவியேற்றவர் 46 இடங்கள் பெற்ற தொழிற்கட்சியின் ஜசிந்தா ஆர்டன். தோற்றவர்கள் கூடி ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள் என்று அன்று சிலர் குறைகூறினார்கள். அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதற்கு அந்நாட்டின் தேர்தல் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்பு அங்கும் இந்தியாவைப் போல, தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறைதான் இருந்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கியும் 92 இடங்களில் இரண்டுதான் அதற்குக் கிடைத்தன. 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் தொழிற்கட்சி அதிக வாக்குகள் பெற்றது. ஆட்சி அமைத்ததோ நேஷனல். இந்த அநியாயம் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. 1993இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, முறையையே மாற்றிவிட்டார்கள்.

1996 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடங்கள் என்பதைக் கட்சி வாக்குதான் தீர்மானிக்கிறது. தொகுதிகளில் வென்றது போக மீதி இடங்கள் கட்சியின் பட்டியலிலிருந்து நிரப்பப்படும். 5 சதவீத வாக்கோ ஒரு தொகுதி வெற்றியோ இல்லாத கட்சிக்கு எதுவும் கிடையாது.

சதவீதத்தை இடங்களாக மாற்றுவதில்தான் கணிதத்தின் நுட்பம் இருக்கிறது. பத்தே இடங்கள் கொண்ட ஒரு சிறிய அவையைக் கற்பனை செய்துகொள்வோம். 2017இன் வாக்கு விகிதங்கள் இவை: நேஷனல் 44.45, தொழிற்கட்சி 36.89, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 7.20, பசுமைக் கட்சி 6.27. ஒவ்வொன்றையும் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களால் வகுத்துக்கொண்டே போய், வரும் ஈவுகளில் மிகப் பெரிய பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேஷனலுக்கு 44.45, 14.82, 8.89, 6.35 என நான்கு, தொழிற்கட்சிக்கு 36.89, 12.30, 7.38, 5.27 என நான்கு. மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. இதற்குச் செயின்ட்-லாகூ முறை என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் எதற்கு? ஒரு கட்சியின் நியாயமான பங்கு 3.6 இடங்கள் என்றால் 4 என்றும், 3.4 என்றால் 3 என்றும் முழுமையாக்கும் வேலையைத்தான் அவை செய்கின்றன.

இப்போது வகுக்கும் எண்களை மட்டும் 1, 2, 3, 4 என மாற்றிப் பாருங்கள். ஸ்பெயினில் இந்த முறைதான். அதே வாக்குகளுக்கு நேஷனல் 6, தொழிற்கட்சி 4, மற்றவர்களுக்குப் பூஜ்யம்! கூட்டணிக்கே வேலையில்லை. 120 இடங்கள் உள்ள அவையில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் வகுக்கும் எண் எது என்பது அரசியல் முடிவு என்பதை இந்தப் பத்து இடக் கணக்கு பளிச்சென்று காட்டிவிடுகிறது.

இறுதி முடிவு: நேஷனல் 56, தொழிற்கட்சி 46, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 9, பசுமைக் கட்சி 8, ஆக்ட் 1. பெரும்பான்மைக்கு 61 வேண்டும். எந்தெந்தக் கட்சிகள் சேர்ந்தால் 61 வரும்? நேஷனலுடன் தொழிற்கட்சி, ஃபர்ஸ்ட், பசுமை ஆகிய மூன்றில் எது சேர்ந்தாலும் போதும். நேஷனல் இல்லையென்றால் அந்த மூன்றும் ஒன்றுசேர வேண்டும். அப்படியானால், கணக்களவில் 46 இடங்கள் உள்ள தொழிற்கட்சிக்கும் 8 இடங்கள் உள்ள பசுமைக் கட்சிக்கும் ஒரே பலம்தான். ஆக்ட் கட்சியின் ஓர் இடமோ எந்தக் கூட்டணியின் வெற்றி தோல்வியையும் மாற்றாது. கட்சியின் இட எண்ணிக்கை வேறு, பேர வலிமை வேறு.

இதன்மேல் அரசியலை ஏற்றினால் படம் இன்னும் சுருங்குகிறது. இரு பெரிய கட்சிகளும் கைகோக்கப் போவதில்லை. பசுமைக் கட்சி நேஷனலோடு சேரத் தயாராக இல்லை. மிஞ்சிய இரண்டு வழிகளிலும் ஃபர்ஸ்ட் கட்சி இருந்தது. அதனால் அதன் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸின் முடிவுக்காக நாடே காத்திருந்தது. அக்டோபர் 19 அன்று தொழிற்கட்சியைத் தேர்ந்தெடுத்ததாக அவர் அறிவித்தார். துணைப் பிரதமரும் ஆனார். கூட்டணி ஒப்பந்தம் அந்த இரு கட்சிகளுக்கு இடையில்தான், மொத்தம் 55 இடங்கள். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதி மசோதாக்களிலும் ஆதரவு தருவதாகப் பசுமைக் கட்சி தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் உறுப்பினர்கள் சிலர் அமைச்சரவைக்கு வெளியே அமைச்சர்கள் ஆனார்கள்.

மூன்று கட்சிகளின் 63 உறுப்பினர்களும் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் அளித்த கட்சி வாக்குகளால் வந்தவர்கள். இதைத் தோற்றவர்களின் ஆட்சி என்று எப்படிச் சொல்வது?

2020 தேர்தலில் தொழிற்கட்சி 65 இடங்களைத் தனியாகவே வென்றது. பீட்டர்ஸின் கட்சி 5 சதவீதத்தை எட்டாமல் நாடாளுமன்றத்திலிருந்தே வெளியேறியது. 2023இல் 8 இடங்களுடன் அது திரும்பி வந்தபோது, நேஷனலும் ஆக்டும் சேர்ந்தும் பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைந்தன. பீட்டர்ஸ் மறுபடியும் துணைப் பிரதமரானார், இம்முறை நேஷனல் ஆட்சியில்.