ஃபைபரில் கை பட்டால் பெருக்கம் ஏன் குறைகிறது?

ஃபைபரில் வரும் ஒளியை மின்னோட்டத்தின் உதவியால் பெருக்கித் தரும் சில்லான குறைகடத்தி ஒளிப்பெருக்கியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “மின்னோட்டம் மாறவில்லை, லேசரும் மாறவில்லை. உள்ளே போகும் ஃபைபரில் கை பட்டதும் மீட்டர் மட்டும் சட்டென்று இறங்கிவிட்டது. ஏன்?”

கை பட்டதும் ஒளியின் அதிர்வுத் திசை மாறிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தளவிளைவுதான். சாதாரண ஒளியிழை லேசாக வளைந்தாலும், கொஞ்சம் சூடேறினாலும் அந்தத் திசை திரும்பிவிடும். பெருக்கியோ எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி பெருக்கித் தருவதில்லை.

இதற்கு ஒரு காரணம் வடிவம். ஒளி ஓடும் படலம் தட்டையானது. அகலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் என்றால் தடிமன் அதில் பத்தில் ஒரு பங்குதான். படலத்துக்கு இணையாக அதிரும் ஒளி அதற்குள் நன்றாக அடங்கும். செங்குத்தாக அதிர்வது கூடுதலாக வெளியே வழியும்; வழிந்த பகுதிக்குப் பெருக்கம் கிடையாது. பெருக்கம் கூட்டு வட்டி போல ஏறுவதால் சின்ன வித்தியாசமும் பெரிதாகிவிடும். ஒன்றுக்கு 20 டெசிபல், மற்றதற்குக் கால்வாசி குறைந்து 15 டெசிபல் என்று வையுங்கள். முதலாவது 100 மடங்கு, இரண்டாவது சுமார் 32 மடங்கு!

இதைச் சரிசெய்யும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலக்ட்ரான் ஒரு துளையோடு, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடத்தோடு, சேரும்போது ஒளித்துகளான ஃபோட்டான் பிறக்கிறது. அந்தத் துளைகளில் கனமானவை, இலகுவானவை என இரண்டு வகை உண்டு. சில நானோமீட்டர் தடிமனே உள்ள குவாண்டம் கிணற்றில் கனத்துளைதான் முன்னால் நிற்கும். அது பெரும்பாலும் இணையாக அதிரும் ஒளியையே பெருக்கும். இலகு துளை செங்குத்தாக அதிர்வதற்குத்தான் அதிகம் கைகொடுக்கும். அப்படியானால் இலகு துளையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி? படிகத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும்.

இண்டியம் பாஸ்பைடு அடித்தளத்தின் அணு அடுக்கு 587 பிக்கோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். அதன் மேல் வளர்க்கும் இண்டியம் காலியம் ஆர்செனைடில் காலியத்தைக் கூட்டினால், அதன் இயல்பான அளவு கொஞ்சம் சிறியதாகிவிடும். சின்னப் பாயைப் பெரிய கட்டிலுக்கு இழுத்துப் பிடித்தது போல அது விரிந்துதான் உட்கார வேண்டும். சற்றுத் தடித்த படலத்துக்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இழுவையே போதும். கிட்டத்தட்ட ஒரு பிக்கோமீட்டர்! வடிவத்தால் செங்குத்து அதிர்வு இழந்ததைப் படிகத்தின் இழுவை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் வந்துவிடும்.

நம் பல்கலைக்கழகங்களில் படிகம் வளர்க்கும் ஆய்வுக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தக் கைப்பக்குவம் கணினியில் வராது. படலத்தை வளர்த்து, கெடுத்து, மறுபடி வளர்த்துத்தான் வரும்.

சரி, அந்த மாணவிக்கு: பெருக்கிக்கு முன்னால் மூன்று வட்டத் தட்டுகள் கொண்ட தளவிளைவுக் கட்டுப்படுத்தியைப் போடுங்கள். ஃபைபரை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, தட்டுகளை மெதுவாகத் திருப்பி, மீட்டரின் உச்ச அளவையும் மிகக் குறைந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள டெசிபல் இடைவெளிதான் உங்கள் பெருக்கி காட்டும் பாரபட்சம்.