வெயிலுக்கு உருவான கவசம் நோயையும் தடுத்தது

சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையேறிய தாவரங்களை முதலில் வாட்டியது நோயைவிட வெயில்தான். நீருக்குள் மட்டுப்பட்டிருந்த புறஊதாக் கதிர்கள் இப்போது நேராகத் தாக்கின. அதைத் தாங்கத் தோன்றிய வேதிப்பொருள்களே பிற்பாடு கிருமிகளுக்கும் எமனாயின என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

மூலப்பொருள் ஃபீனைல் அலனின் என்ற சாதாரண அமினோ அமிலம். ஒரு நொதி அதிலிருந்து அம்மோனியாவைக் கழற்றிவிட்டால் சின்னமிக் அமிலம் கிடைக்கும். அங்கிருந்து பாதை கிளைவிடுகிறது. ஒரு கிளையில் புறஊதாவை உறிஞ்சும் ஃபிளேவனாய்டுகள். இன்னொன்றில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின். லிக்னின் ஏறிய செல்சுவரைத் துளைப்பது பெரும்பாலான பூஞ்சைகளுக்குப் பெரும்பாடு.

கிருமிகளும் அன்றே உடன் இருந்தன. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த 40.7 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவச் செடிகளுக்குள் பூஞ்சை இழைகள் கல்லாகிக் கிடக்கின்றன.

அந்தக் காலத்துத் தற்காப்பை இன்று எப்படி அறிவது? மார்கான்ஷியா இதற்குக் கைகொடுக்கிறது. வேரோ பூவோ இல்லாமல் ஈரமண்ணில் தட்டையாகப் படரும் இச்செடியின் மரபு, பூக்கும் தாவரங்களிடமிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. இதன்மீது பூஞ்சை போன்ற பைட்டோப்தோரா என்ற கிருமியை ஏவியபோது, ஃபீனைல் அலனின் பாதையின் மரபணுக்கள் விழித்துக்கொண்டன. செல்சுவர்களில் செந்நிற நிறமி சேர்ந்தது. நிறமியைத் தூண்டும் மரபணுவை நீக்கியதும் செடி எளிதில் நோயுற்றது. அம்மரபணுவின் செயல்பாட்டை மிகைப்படுத்தியதும் நோய் பின்வாங்கியது. இரண்டு பக்கமும் சோதித்திருப்பதால்தான் இந்த ஆய்வை நம்பத் தோன்றுகிறது.

தாக்கிய பிறகு மருந்து தயாரிக்கும் இந்த உத்தியை 1940-இல் ஜெர்மனியின் முல்லரும் பெர்கரும் உருளைக்கிழங்கில் ஊகித்தனர். வலுவற்ற பைட்டோப்தோரா இனத்தை முதலில் தடவிய கிழங்கில், வீரியமான இனம் வளர முடியவில்லை. கிழங்கே ஏதோ சுரக்கிறது என்று கருதி, அதற்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயரிட்டனர். எப்போதும் நஞ்சைச் சேமித்து வைப்பது வளர்ச்சிக்கு வேண்டிய சக்தியைத் தின்றுவிடும். தேவைப்படும்போது செய்துகொள்வது சிக்கனம்.

புது நஞ்சுக்குப் புதுத் தொழிற்சாலை தேவைப்படவும் இல்லை. ஃபிளேவனாய்டுகளுக்கு அடித்தளமிடும் நொதியில் சில அமினோ அமிலங்கள் மாறினாலே போதும். அதே மூலப்பொருளிலிருந்து ஸ்டில்பீன்கள் என்ற நச்சுப்பொருள்கள் கிடைக்கும். திராட்சையின் ரெஸ்வெரட்ரால் அப்படிப்பட்டதுதான். பைன் மரம், நிலக்கடலை, திராட்சை ஆகியவை இந்த மாற்றத்தைத் தனித்தனியே எட்டியிருக்கின்றன. திராட்சையில் ஸ்டில்பீன் செய்யும் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் 40-க்கும் மேல். திராட்சையைத் தாக்கும் சாம்பல் பூசணமும் சளைத்ததல்ல: லாக்கேஸ் என்ற நொதியைச் சுரந்து ரெஸ்வெரட்ராலைச் சிதைத்துவிடுகிறது.