அடிதடி வழக்கில் தற்காப்பு: எந்த அடி வரை?

அடிதடி வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டு என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: “முதலில் கை ஓங்கியது அவன்தான் சார்.” அதைச் சொன்னதும் பாதி வழக்கு முடிந்துவிட்டது போன்ற நிம்மதி முகத்தில் தெரியும். துணைக்கு வந்த மாமாவும் தலையை ஆட்டுவார். குற்றவியல் நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்துக்கு அவர்கள் நினைக்கிற மதிப்பு கிடைப்பதில்லை. யார் தொடங்கினார் என்பதும் முக்கியம்தான். ஆனால் நீதிபதி அதோடு நிற்கமாட்டார். நீங்கள் அடித்த ஒவ்வொரு அடியின்போதும் உங்களுக்கு எதிரில் ஆபத்து இருந்ததா என்று பார்ப்பார். இதையெல்லாம் நீங்கள் முதன்முதலாக எப்போது, யாரிடம் சொன்னீர்கள் என்றும் பார்ப்பார். இந்த இரண்டாவது கேள்வியில்தான் நல்ல வழக்குகள் கவிழ்கின்றன.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும். தற்காப்பு உரிமை முன்பு 96 முதல் 106 வரை இருந்தது, இப்போது 34 முதல் 44 வரை. எண்கள் மாறினவே தவிர உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம், சொத்தையும் காக்கலாம். உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற நிலைகளில் தாக்க வந்தவரின் உயிரே போனாலும் அது குற்றமாகாது என்கிறது 38-வது பிரிவு. இதற்கான வரம்புகள் 37-லும் 40-லும் இருக்கின்றன. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கும், அச்சம் தீர்ந்தவுடன் உரிமையும் தீர்ந்துவிடும்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வரப்புத் தகராறைச் சொல்கிறேன். பழைய சட்டக் காலத்து வழக்கு. அடையாளம் தெரியாதபடி ஊரையும் உறவையும் மாற்றியிருக்கிறேன். பங்காளிகள் இருவர். இளையவர் வாய்க்காலில் மடை திறந்துகொண்டிருந்தார், கையில் மண்வெட்டி. மூத்தவர் அரிவாளோடு வரப்பில் ஓடிவந்து வீசினார். இடது முன்கையைக் குறுக்கே கொடுத்ததால் வெட்டு அங்கே விழுந்தது. இளையவர் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடிக்க, மூத்தவரின் மணிக்கட்டு முறிந்து அரிவாள் கீழே விழுந்தது. அடுத்த நொடியில் மண்வெட்டியின் பின்புறத்தால் இன்னொரு அடி, மூத்தவரின் பின்மண்டையில். ஓடு விரிசல் கண்டது. நல்லவேளையாக ஆள் பிழைத்துக்கொண்டார்.

முதல் அடியில் பிரச்சினையே இல்லை. அரிவாள் வீச்சுக்கு எதிராக மண்வெட்டிக் காம்பு. அந்த அடியில் ஆள் இறந்திருந்தால்கூட வாதாட இடம் இருந்தது. பின்மண்டை அடிதான் வழக்கு. மூத்தவர் தரப்பு சொன்னது: “வலி தாங்காமல் திரும்பி ஓடினேன், துரத்திவந்து அடித்தான்.” இளையவர் சொன்னது: “விழுந்த அரிவாளை எடுக்கக் குனிந்தார், அதனால் அடித்தேன்.” ஓடுகிறவருக்கும் குனிகிறவருக்கும் காயம் ஒரே இடத்தில்தான் விழும். ஓடுகிறவரை அடித்தால் அது பழிவாங்கல். ஆயுதத்தை எடுக்கக் குனிகிறவரை அடித்தால் ஆபத்து இன்னும் தீரவில்லை, உரிமையும் தீரவில்லை. ஆகவே எல்லாம் அந்த அரிவாள் கிடந்த இடத்தைப் பொறுத்தது. ரத்தம் சிந்திய இடத்துக்கு இரண்டடி தூரத்தில் கிடந்ததாக, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் பதிவாகியிருந்தால் வழக்கின் போக்கே வேறு. பதிவாகவில்லை. அரிவாள் கைப்பற்றப்படவே இல்லை. அன்று மாலையே மூத்தவரின் வீட்டார் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நாங்கள் வாதிட்டோம்.

இளையவரின் முன்கைக் காயமாவது உதவியிருக்க வேண்டும். முன்கையின் வெளிப்புறத்தில் விழும் வெட்டு, தடுக்கும்போது விழுவது என்பது தடயவியல் மருத்துவத்தின் பாலபாடம். ஆனால் அவர் போலீசுக்குப் பயந்து, பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவரிடம் போய், “வரப்பில் சறுக்கித் தகரத்தில் கிழித்துக்கொண்டேன்” என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டை அரசுத் தரப்பு அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. முடிவில் 307, அதாவது கொலை முயற்சி, நிற்கவில்லை. முதல் அடிக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இரண்டாவது அடிக்கு 325-இன் கீழ்க் கொடுங்காயம் விளைவித்ததாகத் தண்டனை.

ஆகவே அடிதடியில் காயம்பட்டவர் எந்தப் பக்கமானாலும் முதலில் போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனை. அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் எழுதுவார். நீதிமன்ற வட்டாரத்தில் அதற்கு ஏ.ஆர். என்று பெயர். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை பேர், எந்த ஆயுதம் என்று நான்கைந்து வரிதான் இருக்கும். எனக்கு ஒரு அடிதடி வழக்குக் கட்டு வந்தால் முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே இந்தத் தாளைத்தான் தேடுவேன். வக்கீலும் ஊர்ப் பெரியவரும் தலையிடுவதற்கு முன் எழுதப்பட்டது அது. ஏ.ஆரில் “தெரிந்த நபர் இருவர், கட்டை” என்று இருக்கும். மறுநாள் கொடுத்த புகாரில் ஏழு பேரும் இரண்டு அரிவாளும் ஓர் இரும்புக் குழாயும் வந்துவிடும். குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல முதல் கேள்வி கிடைக்காது. அதே தாள் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். வலியிலும் பயத்திலும் “கீழே விழுந்துவிட்டேன்” என்று சொன்னால் அதுவே உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

காயத்துடன் கைதானால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. காவலில் வைக்க உத்தரவிடும் முன் நீதித்துறை நடுவர், உடம்பில் காயம் இருக்கிறதா, யாராவது அடித்தார்களா என்று கேட்பார். போலீஸ் அடித்தார்களா என்று மட்டுமே கேட்கிறார் என நினைத்துப் பலர் “இல்லை” என்று முடித்துக்கொள்கிறார்கள். சண்டையில் எதிர்த்தரப்பு ஏற்படுத்திய காயத்தை அங்கேயே காட்டலாம், பதிவு செய்யச் சொல்லலாம். நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அந்த எதிரியின் உடம்பில் இருக்கும் கடுமையான காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், சம்பவம் எப்படித் தொடங்கியது என்பதை அது மறைக்கிறது என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. லட்சுமி சிங் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

அடுத்தது எதிர்ப்புகார். நாமும் ஒன்று கொடுத்துவைப்போம், பிறகு இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று பேரத்துக்காகக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். நான் அதை ஊக்குவிப்பதில்லை. ஆனால் உண்மையாகவே தாக்கப்பட்டவர் புகார் கொடுக்காமல் இருப்பது அதைவிட மோசம். ஒரே சம்பவத்துக்கு இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் விசாரித்து, தாக்கத் தொடங்கிய தரப்பு எது என்று முடிவு செய்ய வேண்டிய கடமை தமிழ்நாட்டு விசாரணை அதிகாரிக்கு உண்டு. வக்கீல்கள் 588-ஏ என்று சொல்லும் காவல் நிலையாணை இதுதான். பல நிலையங்களில் இரண்டு தரப்பு மீதும் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். அப்போது இந்த நிலையாணையைச் சுட்டிக்காட்டி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். இரண்டு வழக்குகளும் விசாரணைக்கு வந்தால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 1990-இல் நாத்தி லால் வழக்கில் வகுக்கப்பட்டது.

புதிய சட்டத்தின் பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணக் காயம் 115(2), ஓராண்டு வரை. ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 118(1), மூன்றாண்டு வரை. கொடுங்காயம் 117(2), ஏழாண்டு வரை. பார்வை இழப்பு, முகத்தில் நிரந்தர விகாரம் எனக் கொடுங்காயத்துக்கு எட்டு வகைகள் உண்டு. அதில் ஏழாவது, எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பெயர்தல். டீக்கடையில் விட்ட ஒரு குத்தில் முன்பல் உடைந்தால் அது கொடுங்காயம்! படித்த இளைஞர்களுக்குக்கூட இதைச் சொன்னால் நம்பிக்கை வருவதில்லை. எட்டாவது வகையில் முன்பு இருபது நாள் கடும் வலி என்று இருந்தது, புதிய சட்டத்தில் பதினைந்து நாள்.

உயிர் போய்விட்டால் கேள்வி கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்று மாறும். “ஒரே ஒரு குத்துதான் சார், கொல்ல நினைக்கவில்லை” என்பார்கள். 1958-இல் விர்சா சிங் வழக்கில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து, வயிற்றில். அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்தது, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது. அது போதும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தை உறுதி செய்தது. மறுபக்கம், தற்காப்பு உரிமை இருந்து, முன்திட்டம் இல்லாமல், நல்லெண்ணத்துடன் வரம்பு மீறிப்போய்விட்டால் கொலைக் குற்றம் 105-ஆக, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தலாக, குறையும். முழு விடுதலை கிடைக்காவிட்டாலும் தற்காப்பு வாதம் வீண் போகாது.

கோபமும் குடியும் சேர்ந்தே வரும் இரண்டு வாதங்கள். கோபம் சில நேரம் குற்றத்தைக் குறைக்கும், ஆனால் அது திடீரென்று வந்ததாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும். நானாவதி வழக்கில் மனைவி தன் கள்ளத்தொடர்பைச் சொன்னதற்கும் நானாவதி அந்த ஆளைச் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆறிப்போக அது போதும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் வேறொரு வாசலைத் திறந்தது. கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கில், நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, நீண்ட நாள் சேர்ந்து வெடிக்கும் மனக்கொதிப்பையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. குடிக்கு அந்த இரக்கம் கிடையாது. யாரோ தெரியாமல் கலந்து கொடுத்திருந்தால் தவிர, தானாகக் குடித்தவருக்கும் நிதானமாக இருந்தவருக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பாஸ்தேவ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார், கல்யாண விருந்தில் இருக்கையை விட்டு நகராத சிறுவனைக் குடிபோதையில் சுட்டார். 1956-இல் கொலைக் குற்றத்துக்கான தண்டனை உறுதியானது.

தற்காப்பு என்றால் ஆண்டுக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2012-இல் மதுரையில் மகளைப் பாலியல் ரீதியாகத் தாக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, தற்காப்பு உரிமையைச் சுட்டிக்காட்டிக் காவல்துறையே விடுவித்தது. அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் அஸ்ரா கார்க். 2021-இல் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, கத்தி முனையில் தாக்கியவனை எதிர்த்துக் கொன்ற பத்தொன்பது வயதுப் பெண்ணும் அவ்வாறே விடுவிக்கப்பட்டார். இந்த இரண்டிலும் பெண்கள் நடந்ததை மறைக்காமல் உடனே சொன்னார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் பெரும்பாலான வழக்குகளில் நேர்மாறாக நடக்கிறது. “அந்த இடத்திலேயே நான் இல்லை” என்று தொடங்குவார்கள். சாட்சிகள் வரிசையாக அடையாளம் காட்டியபின், “இருந்தேன், ஆனால் தற்காத்துக்கொண்டேன்” என்று திரும்புவார்கள். தற்காப்பை வெளிப்படையாகக் கோராவிட்டாலும் அரசுத் தரப்புச் சாட்சியங்களிலிருந்தே அது வெளிப்பட்டால் நீதிமன்றம் ஏற்கலாம், எதிரி அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும் என்பது சட்டம். 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் தீர்ப்பில் இவையெல்லாம் வரிசையாக இருக்கின்றன. தந்தையின் தலையில் வெட்டு விழுந்ததைக் கண்டு மகன் துப்பாக்கியால் சுட்ட அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுதலையை மீட்டுக்கொடுத்தது. தப்பி ஓட வழி இருந்ததே என்று கேட்டு ஒருவரைக் கோழையாக்க முடியாது என்பதும், அந்தப் பதற்றத்தில் அடியைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்பதும் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவந்தவை. ஆனால் பொய்யான ‘அங்கில்லை’ வாதத்துக்குப் பின் இந்தச் சலுகைகளைக் கேட்கும்போது நீதிபதியின் முகம் மாறிவிடுகிறது.

சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351. சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. எதிரி தன் வாயால் நடந்ததைச் சொல்ல இதைப்போல வசதியான இடம் வழக்கில் வேறு இல்லை. நம் நீதிமன்றங்களில் இது பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்ன சாட்சி இப்படிச் சொல்கிறாரே என்று கேட்டால் “பொய்”, அடுத்ததற்கு “பொய்”, மருத்துவர் சொன்னதற்கு “தெரியாது”. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? “இல்லை.” என் கட்சிக்காரர்களை முந்தின நாள் வரவழைத்து, கேள்விகளை எதிர்பார்த்து, அரிவாளைப் பற்றியும் தங்கள் காயத்தைப் பற்றியும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறேன். எழுதிய அறிக்கையை அந்தக் கட்டத்தில் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். உங்கள் வக்கீல் இதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள்.